என்னையும் கூட்டிட்டுப் போங்க

அம்மா இறந்த பிறகு அவனும் மனைவியும் கால்வாய்க் கரைக்கு வந்தது அன்றுதான் முதல் தடவை. வரமாட்டேன் என்று அவன் அடம்பிடித்தான். பள்ளிப் பேருந்தை ஓட்டிவிட்டு வந்தால் சுவரையே வெறித்துக்கொண்டிருந்தவனை மனைவிதான் கிளப்பினாள்.

"சும்மா ஒரு நடை போயிட்டு வரலாம், வாங்க. இப்படியே உட்கார்ந்திருந்தா பைத்தியம் பிடிச்சிடும்."

வெயில் இறங்கி, தண்ணீர் மேல் பனிமூட்டம் படர ஆரம்பித்திருந்தது. கட்டிப்போட்ட படகுகள் ஒன்றோடொன்று உரசி முனகின. ஈரச் சருகும் டீசலும் கலந்த வாடை. இருவரும் ஆடி அசைந்து நடந்தார்கள். அந்த நிதானம்தான் அவனுக்கு முள்ளாகக் குத்தியது.

இதே பாதையில் இப்படி நிதானமாக நடந்த ஒரு சாயங்காலத்தில்தான் அம்மா போனாள்.

"என்னையும் கூட்டிட்டுப் போங்கடா," என்று கேட்டாள். "மண்ணுல வீல்சேர் மாட்டிக்கும்மா, இதோ வந்துடறோம்," என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்கள். காற்று சுகமாக இருந்தது. பெஞ்சில் உட்கார்ந்து கதை பேசினார்கள். மனைவி படகுகளை வேடிக்கை பார்க்கப் போன நேரத்தில் அவன் சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. அம்மா. இவளுக்கு வேற வேலையே இல்ல என்று முணுமுணுத்து, போனை அணைத்துப் போட்டான்.

வீடு திரும்பியபோது வாசல் கதவுக்கு உள்பக்கம் அம்மா சரிந்து கிடந்தாள். உடம்பு சில்லிட்டிருந்தது. அந்த அழைப்பைப் பற்றி அவன் யாரிடமும் மூச்சு விடவில்லை.

"ஏங்க, பின்னாடி சைக்கிள் வருது. கொஞ்சம் ஒதுங்குங்க," என்றாள் மனைவி.

ஒதுங்கி நின்றார்கள். எதுவும் வரவில்லை.

பாலத்துக்கு அடியில் நுழைந்ததும் காலடிச் சத்தம் சுவரில் பட்டுத் திரும்பியது. அதோடு இன்னொரு சத்தமும் வந்தது. எண்ணெய் காணாத சக்கரம் உருளும் சத்தம்.

கிறீச்... கிறீச்...

நின்றார்கள்.

கிறீச்.

பிறகு அதுவும் நின்றது.

மூட்டுவலித் தைலத்தின் நெடி மூக்கில் ஏறியது. மனைவி அவன் கையை இறுக்கிக்கொண்டாள்.

"அத்தை தேய்ச்சுக்குவாங்களே... அந்த வாசனைங்க இது."

"அன்னிக்கு அம்மா போன் பண்ணா," என்றான் மெல்ல. "தெரிஞ்சேதான் எடுக்கல."

அவள் கை தளர்ந்தது. விலகிக்கொண்டது.

அவன் மெதுவாகத் திரும்பினான். இருட்டில் யாருமில்லை. ஈர மண்ணில் மட்டும் இரண்டு சக்கரத் தடங்கள் அவன் காலடி வரை வந்து நின்றிருந்தன. கைகளை முன்னால் நீட்டினான்.

விரல்களுக்குள் ஜில்லென்று இரண்டு ரப்பர் பிடிகள் அகப்பட்டன.

மனைவி கத்தவில்லை, ஓடவுமில்லை. வெறும் காற்றை அவன் தள்ளிக்கொண்டு போவதையும், பாலத்து மேட்டில் ஏறும்போது பாரம் தாங்காமல் அவன் தோள் இறுகுவதையும் பார்த்துக்கொண்டே நின்றாள்.

மறுநாளும் போனான். அதற்கு மறுநாளும். அவள் தடுக்கவில்லை. போன் விஷயம் தெரிந்த பிறகு அவனோடு அதிகம் பேசவுமில்லை.

மழைக்காலம் வந்தது. ஒரு நாள் அவனுக்குக் காய்ச்சல் அனலாய்க் கொதித்தது. எழுந்து சட்டையை மாட்டப் போனவனை அவளே பிடித்துப் படுக்க வைத்தாள்.

"இன்னிக்கு ஒரு நாள் விடுங்க. ஒண்ணும் ஆகிடாது."

விளக்கு வைக்கும் நேரத்தில் யாரோ கதவைத் தட்டினார்கள். திறந்தால், மழைக்கோட்டோடு மதகுக்காரர். அந்த மாதம்தான் வேலைக்கு வந்தவர். தினமும் அவன் போகிற வருகிற நேரத்தில் மதகைத் திறந்து மூடிக்கொண்டிருப்பவர்.

"தப்பா எடுத்துக்காதீங்கம்மா," என்றார், முகத்தில் வழிந்த தண்ணீரைத் துடைத்தபடி. "உங்க வீட்டுக்காரர் தினமும் தள்ளிட்டு வருவாரே, அந்தப் பெரியம்மா தண்ணி ஓரமா தனியா நனைஞ்சிட்டு இருக்காங்க. கூப்பிட்டா வர மாட்டேங்கிறாங்க. மகன் வந்துடுவான்னு சொல்றாங்க."