புலி பதில் சொல்லியாக வேண்டும்

பதினோரு வருஷமாக நடுவி தோற்றதே இல்லை. வீட்டைக் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் வந்தால், அந்த இயந்திரத்தோடு ஆடுபுலி ஆடித்தான் முறையிட வேண்டும். நடுவிக்கு மூன்று புலி, குடியிருப்பவருக்குப் பதினைந்து ஆடு. ஐந்து ஆடு வெட்டுப்பட்டால் வீடு போச்சு. மூன்று புலிகளையும் நகரவிடாமல் அடைத்தால் வீடு தங்கும். எல்லாருக்கும் ஒரே விதியாம்! யார் எப்போதும் புலி என்று மட்டும் ஒருத்தரும் கேட்கவில்லை.

ஆடத் தெரியாதவர்களுக்கு 'யோசனி' கொடுத்திருந்தார்கள். காதில் மாட்டினால் அடுத்த ஆட்டை எங்கே வைப்பதென்று கிசுகிசுக்கும். அதைச் செய்ததும் நடுவியைச் செய்த அதே கம்பெனிதான்.

பேட்டரி மாற்றும் நிலையத்தில் வேலை பார்க்கும் வேதவல்லி, யோசனியைக் கழற்றி மேசைமேல் வைத்தாள்.

"எனக்கு ஆடத் தெரியாது. விதி சொல்லு," என்றாள் நடுவியிடம்.

முறையீட்டு அலுவலகக் குமாஸ்தா பதறினார். "அட, மாட்டிக்கிட்டாப் போதும்மா. இதெல்லாம் யாரும் கேக்கறதில்ல."

"நான் கேக்கறேன். போகப்போறது என் வீடு சார்!"

கேட்டால் புலிப் பக்கம் பதில் சொல்லியே ஆக வேண்டும் என்று சட்டத்தில் ஒரு வரி இருந்தது. நடுவி சொன்னது: "ஆட்டுக்கு அடுத்த புள்ளி காலியாக இருந்தால் புலி தாண்டி வெட்டும். பதினைந்தையும் இறக்கும்வரை ஆடு நகரக் கூடாது."

"பழக்கத்துக்கு ஆடலாமா?"

"கேட்டால் ஆடலாம்."

மூன்று நாள் லீவு போட்டு வந்து தோற்றாள். ஒவ்வொரு முறையும், "எங்க கோட்டை விட்டேன்?" என்று விடாமல் கேட்டாள்.

"நான்காவது ஆடு. நடுவில் வைத்தீர்கள், பின்னால் காலி."

"அப்போ எங்க வைக்கணும்?"

"முதலில் ஓரத்தில். பிறகு இடைவெளி விடாமல் ஒன்றின் பின்னால் ஒன்று."

எதிரியிடமே பாடம் கேட்க என்ன வெட்கம்? கேட்காமல் வீட்டை விட்டால்தான் வெட்கம்.

நான்காம் நாள் நிஜ ஆட்டம். இரண்டு ஆடு போனது. "போகட்டும், இன்னும் பதிமூணு இருக்கு!" என்று கத்திக்கொண்டே ஓரத்திலிருந்து நெருக்கினாள். மதியத்துக்குள் மூன்று புலிகளும் அசைய இடமில்லாமல் நின்றன.

"வென்றவரே இனிப் புலி," என்றது நடுவி. "அடுத்தவரோடு நீங்கள் ஆட வேண்டும். மறுத்தாலும், வேண்டுமென்றே தோற்றாலும் உங்கள் வெற்றி செல்லாது."

"அடப்பாவி! இதை ஏன் முன்னாடியே சொல்லல?"

"நீங்கள் கேட்கவில்லை."

அடுத்தவர் எதிர்வீட்டு அலாவுதீன் பாய். யோசனியும் காதுமாக வந்தவர், புலிப் பக்கம் அவளைக் கண்டதும் முகம் சுண்டிப்போய் நின்றார்.

"நீயாம்மா? என் வீட்டை நீயே பிடுங்கப் போறியா?"

 வேதவல்லிக்குச் சட்டத்திலிருந்த அந்த வரி நினைவுக்கு வந்தது. 'புலிப் பக்கம்' என்றுதானே எழுதியிருக்கிறார்கள், நடுவி என்று எழுதவில்லையே!

"காதுல இருக்கறதக் கழட்டுங்க பாய். உக்காந்து, 'விதி சொல்லு'ன்னு கேளுங்க. கேட்டா நான் சொல்லியே ஆகணும், என் புலியை எப்படி அடைக்கறதுங்கறதையும். எத்தனை நாள் ஆனாலும் சரி."

குமாஸ்தா அவசரமாகச் சட்டப் புத்தகத்தைப் புரட்டினார். பாய் யோசனியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"விதி சொல்லும்மா," என்றார், வெளியே வரிசையில் நிற்பவர்களுக்கும் கேட்கிற மாதிரி.