றெஜினா நன்மை எடுக்காத காரணம்

குருநகரிலிருந்து அருமைநாயகி வந்து உட்கார்ந்தபோதே மரியரட்ணத்துக்கு அலுத்துவிட்டது. பொலிசிலிருந்து ஓய்வுபெற்ற பிறகும் ஊராரின் இரகசியங்கள் அவரை விட்டபாடில்லை. கூடவிருந்த தங்கை ஜெசிதாவுக்கோ யாராவது படலையைத் திறந்தாலே உற்சாகம்.

“என்ரை மகள் றெஜினா மூண்டு மாசமாய் நன்மை எடுக்கிறேல்லை, தம்பி. பூசைக்கு வாறாள். எல்லாரும் வரிசையிலை போய் நாக்கை நீட்டி நற்கருணை வாங்க, இவள் இருந்த இடத்திலையே இருக்கிறாள். சனம் பாத்திட்டுது. காரணம் தெரியாமல், ஞாயிறு கோயிலிலை கலியாண அறிவித்தல் ஓலையைக் கடைசித்தரம் வாசிக்க விடமாட்டன் எண்டு அவளுக்குப் பேசின மாப்பிளை பிரகாஸ் சொல்லிப்போட்டான்.”

“வேறை ஆரோ ஒருத்தன்!” என்றாள் ஜெசிதா.

மரியரட்ணம் அவளைப் பார்க்கவில்லை. “சுவாமியாரிட்டைப் பாவசங்கீர்த்தனத்துக்குப் போறவளோ?”

“ஓம், கிழமைக்குக் கிழமை. போன மாசம் கொழும்பிலை மச்சாளின்ரை கலியாணப் பூசையிலை நன்மையும் எடுத்தவளாம். இஞ்சைதான் இல்லை.”

“அப்ப ஆள் இஞ்சை இருக்கிறான், அண்ணை!”

“உடம்புக்கு வருத்தம் ஏதும் வந்ததோ?” என்று கேட்டார் மரியரட்ணம்.

“மூண்டு மாசத்துக்கு முதல் ஒருக்காக் கொழும்புக்குப் போட்டு வந்து, பல்லுக்கொதி எண்டு ரெண்டு கிழமை ஆறின கஞ்சிதான் குடிச்சவள். இப்ப வாயைப் பொத்திக்கொண்டுதான் சிரிக்கிறாள்.”

மரியரட்ணம் பெருமூச்சு விட்டார். ஒரு பெண்ணின் வாய்க்குள் எட்டிப்பார்க்கும் வேலை அவருக்குப் பிடிக்கவில்லை. மறுநாள் பின்னேரம், ஜெசிதாவும் ஒட்டிக்கொண்டு வர, அருமைநாயகி வீட்டில் பிரகாசையும் றெஜினாவையும் இருத்திவைத்துப் பேசினார்.

“பாவமெண்டால் சங்கீர்த்தனத்தோடை தீந்திருக்கும். அதுக்குப் பிறகும் எடுக்கேல்லையெண்டால் தடை ஆத்துமாவிலை இல்லை, உடம்பிலை. கொழும்பிலை நன்மையைக் கையிலை வாங்கலாம். எங்கடை சுவாமியார் பழைய ஆள், நாக்கிலைதான் வைப்பார். பிள்ளை, விருப்பமெண்டால் காட்டு. இல்லாட்டி நான் எழும்பிப் போறன்.”

றெஜினா வாயைத் திறந்தாள். நாக்கின் நுனி நடுவால் பிளந்திருந்தது. இரண்டு பாதிகளும் தனித்தனியே அசைந்தன.

“வெட்டிவிட்டவர் கொழும்பிலை இருக்கிறார். இப்பிடி ஒரு நாக்கைப் படத்திலை பாத்தனான். எனக்கு அது வடிவாய் இருந்தது. வேறை ஒரு காரணமும் இல்லை.”

அருமைநாயகி தலையில் கையை வைத்தாள். “எவனோடையும் ஓடியிருந்தாலும் சனத்துக்கு ஒரு கதை சொல்லலாம். இதை என்னெண்டு சொல்லுறது?”

பிரகாஸ் எழுந்தான். போகப்போகிறான் என்றே எல்லோரும் நினைத்தார்கள். அவன் றெஜினாவுக்கு முன்னால் போய் நின்றான்.

“நொந்ததோ?”

அதுவரை அழாதவள் அழுதாள். “சரியா நொந்தது.”

மரியரட்ணம் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டார். ஜெசிதாவுக்கு இன்னும் இருக்க ஆசை; அவர் அவள் கையைப் பிடித்து இழுத்தார். படியிறங்கும்போது உள்ளேயிருந்து பிரகாசின் குரல் கேட்டது.

“ஓலை வாசிக்கட்டும், மாமி. ஞாயிறு ரெண்டுபேருமாய் வரிசையிலை போவம். றெஜினா, நீ வாயை நல்லாத் திற.”