வரிசையில் முன்னால் நின்றவள்

கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்கு அருகே, ஆஸியா உம்மா வீட்டு மாடி அறைக்குக் கலாராணி குடிவந்து மூன்று நாள்தான். அறையோடு ஒரு கதிரை, ஒரு அலுமாரி, முன்பு இருந்தவள் விட்டுப்போன ஒரு பிரிண்டர். அந்தப் பிரிண்டர்தான் அன்று மத்தியானம் அவள் உயிரை வாங்கியது.

பள்ளிக்கூட நூலக வேலைக்கு விண்ணப்பம் நான்கு மணிக்குள் போய்ச் சேர வேண்டும். கையால் எழுதினால் எடுக்கமாட்டார்களாம். இன்று விட்டால் அடுத்த வருஷம் வயது தாண்டிவிடும். பிரிண்ட் எடுத்துக் கொடுக்கும் கடைக்கார அரூஸோ கல்யாணத்துக்குக் கெலிஓயா போய்விட்டார். மழை வேறு.

லெப்டொப்பில் லினக்ஸ் போட்டுக் கொடுத்தவன் கட்டாரில் இருக்கும் தம்பி சஞ்சீவ். இனி ஒரு கரைச்சலும் இல்லை என்று சொன்ன அந்த வாய்க்குச் சர்க்கரைதான் போட வேண்டும். போனில் அவன் சொல்லச் சொல்ல டிரைவரை அழித்தாள், திரும்பப் போட்டாள், வயரைக் கழற்றி மாட்டினாள். பிரிண்டர் இருமி இருமித் தாளைத் துப்பியது. தாள் முழுக்க அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகள். ஏழு தாளைக் கசக்கி எறிந்தாள்.

அச்சு வரிசையைப் பார்க்கச் சொன்னான் தம்பி. அவளுடைய விண்ணப்பத்துக்கு முன்னால் வேறொன்று நின்றது. அழித்தாள். மறுபடியும் வந்து நின்றது.

சனியனே என்று பிளக்கைப் பிடுங்கினாள்.

எட்டாவது தாள் வந்தது.

இருந்த எரிச்சலில் பயம்கூட மெதுவாகத்தான் வந்தது. தாளில் முதல் வரி: ngau;. டைப்பிங் வகுப்பில் பழைய பாமினி எழுத்துருவில் பழகியவள் அவள். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் தமிழ் இப்படித்தான் ஆங்கிலமாகச் சிதறும். விரல்கள் தாமாக அந்த எழுத்துகளை மேசையில் தட்டின.

பெயர்.

அடுத்ததையும் தட்டினாள். இராஜேஸ்வரி.

அறையில் ஆற்று வாடை அடித்தது.

கீழே ஓடிப்போய் அது யார் என்று கேட்டாள். ஆஸியா உம்மாவின் விரல்களில் உருண்ட தஸ்பீஹ் மணி பாதியில் நின்றது.

"மகள், அது ஒனக்கு முன்ன மேல இருந்த புள்ள. இதே வேலைக்குப் பேப்பர் அடிச்சிக்கிட்டு ஓடினா. பாலத்துல பஸ் அடிச்சி ஆத்துல வுழுந்து மௌத்தாப் போனா. பேப்பர் போய்ச் சேரல்ல."

மேலே வந்தால், பிரிண்டரில் சுத்தமான தமிழில் ஒரு விண்ணப்பம். பெயர்: கலாராணி. இரண்டு தடவை படித்தாள். பேயோ பிசாசோ, வேலை கிடைத்தால் போதும் என்று உறையிலிட்டு ஒட்டிக்கொண்டு ஓடினாள்.

பஸ்ஸில் நிற்கவும் இடமில்லை. ஆனாலும் அவள் பக்கத்து இருக்கையில் ஒருவரும் உட்காரவில்லை.

நான்குக்கு ஐந்து நிமிஷம். பள்ளிக்கூட அலுவலகத்தில் கிளார்க் உறையைப் பிரித்தார், முத்திரை குத்தினார், ரசீது எழுதினார். பிறகு தலையைத் தூக்கினார்.

"இராஜேஸ்வரி யாருங்க?"

கலாராணி எட்டித் தாளைப் பார்த்தாள். அவள் பெயர் இருந்த இடத்தில் மற்றவள் பெயர். சுவர்க் கடிகாரத்தில் மணி நான்கு. தாளைத் திரும்ப வாங்கக் கையை நீட்டினாள்.

அவளுக்குப் பின்னால் ஒரு ஈரச் செருப்புச் சத்தம் வந்து நின்றது.

"நாந்தாங்க."

கிளார்க் ரசீதைக் கலாராணியின் தோளுக்கு மேலாக நீட்டினார். அவர் கை வெறுங்கையாகத் திரும்பியது.