மேல்வரிசைப் பற்கள்

சாவியைத் திருகும்போதே உள்ளே மனைவி சிரிப்பது அவனுக்குக் கேட்டது. வாய்விட்டு, மூச்சு வாங்கும் சிரிப்பு. மகள் போனபிறகு அந்த வீட்டில் கேட்டிராத சிரிப்பு. டிவி அணைந்து கிடந்தது, கைப்பேசி மேஜைமேல் சார்ஜில் இருந்தது, வீட்டில் வேறு ஈ காக்கை இல்லை. அடுப்பங்கரையில் அவள் சுவர் மூலையைப் பார்த்து நின்றிருந்தாள். யாரோடு சிரிக்கிறாள் என்று கேட்க அவனுக்கு வாய் வரவில்லை. சிரிக்கிறாளே, அதுவே போதும் என்று சட்டையைக் கழற்றப் போய்விட்டான்.

போதாதா பின்னே? ஐந்து வயதுப் பிள்ளை. எல்லாரும் முட்டைக்கண்ணி என்றுதான் கூப்பிடுவார்கள், அவ்வளவு பெரிய கண். நேற்றுவரை ஓடி விளையாடியவள் ஒரு காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள். அன்றுமுதல் மனைவி தட்டுக்கு முன்னால் உட்காருவாள், ஒரு வாய் இறங்காது. அவன் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுவான். பிள்ளையைப் பறிகொடுத்தாயிற்று, இவளையும் பறிகொடுக்க அவனுக்குத் தெம்பில்லை.

அவனுக்கு வேலை குரங்கு ஆய்வு நிலையத்தில். சிம்பன்சிகளின் கூண்டைக் கழுவ வேண்டும், தீனி போட வேண்டும், அதுகளின் முகத்தைப் பார்த்து மனசில் என்ன என்று சொல்ல வேண்டும். பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் ஒரே தப்பைத்தான் செய்வார்கள். மறுநாளும் ஓர் அம்மா கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு, "ஐயோ, என்னமா சிரிக்குது பாருங்க!" என்றாள்.

"அது சிரிக்கலைங்க," என்றான். "விளையாடும்போது வாயைத் தொங்க விடும், மேல்பல்லை உதடு மூடியிருக்கும். அதுதான் அதோட சிரிப்பு. இப்படி ரெண்டு வரிசைப் பல்லும் தெரிய உதட்டை இழுத்துச்சுன்னா, பயம். தன்னைவிடப் பெருசு ஒண்ணு கிட்ட வருதுன்னு அர்த்தம்."

"அப்ப நாம சிரிக்கிறது?"

"அதுவும் அங்கேருந்து வந்ததுதான்னு எங்க டாக்டர் சொல்வாரு."

அந்த அம்மா சட்டென்று வாயை மூடிக்கொண்டாள். அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

அன்று மாலை வீட்டில் மனைவி இரண்டாம் முறை போட்டுச் சாப்பிட்டாள். தலை வாரியிருந்தாள். கண் பட்டுவிடுமோ என்று அவன் பார்வையைத் திருப்பிக்கொண்டான். அப்போதுதான் சொன்னாள்.

"நம்ம புள்ள வர்றா. பொழுது சாயும்போது பின்கதவைத் தொறந்து வெச்சுக் கூப்பிட்டா வந்துடுறா."

அவன் அவள் பக்கம் திரும்பினான். "என்னம்மா பேசுற நீ?"

"பைத்தியம்னு நெனைக்கிறீங்க. நெனச்சுக்குங்க. அவ பேசமாட்டேங்குறா, ஆனா சிரிக்கிறா. கண்ட குரங்கு மூஞ்சியெல்லாம் பார்த்துச் சொல்றீங்களே, பெத்த மக மூஞ்சியைப் பார்த்துச் சொல்லுங்க. அவ அங்க நல்லா இருக்காளா? அது ஒண்ணு தெரிஞ்சா போதும், நான் பிழைச்சுப்பேன்."

மறுநாள் சீக்கிரமே வந்து, பின்கதவுக்கு முதுகைக் காட்டி, அடுப்பங்கரை முக்காலியில் உட்கார்ந்தான். மனைவி பக்கத்தில் நின்று, பள்ளி விட்டு வரும் பிள்ளையைக் கூப்பிடுவதுபோல, திறந்து வைத்த பின்வாசலைப் பார்த்துக் கூப்பிட்டாள். வெளிச்சம் பாத்திரங்களின் விளிம்பிலிருந்து ஒவ்வொன்றாக வழிந்து இறங்க, ஃப்ரிட்ஜின் முனகல் தானே நின்றுபோக, மழை விட்ட தோட்டத்திலிருந்து சின்னக் கால்கள் ஈரத்தில் சளக் சளக்கென்று ஓடி வரும் சத்தம் கேட்டது. ஏதோ அவன் முழங்கையை உரசிக்கொண்டு போனது. குழந்தைப் பவுடர் வாசனை.

மூலையில் அவள் நின்றாள்.

அதே கண். அதே நெற்றி. அடி என் தங்கமே என்று அவன் உயிர் எழுந்து ஓடியது, உடம்பு அசையவில்லை. அந்த ஒரு நொடி அவனும் சந்தோஷமாகத்தான் இருந்தான்.

பிறகு வாயைப் பார்த்தான்.

மேல்வரிசை. கீழ்வரிசை. இரண்டும். உதடு காதுவரை இழுத்திருந்தது. சத்தமே இல்லை. கண்கள் சிரிக்கவில்லை. அவை அம்மாவைப் பார்க்கவில்லை, அவனையும் பார்க்கவில்லை. அவன் தோளுக்கு மேலே, திறந்திருந்த கதவைப் பார்த்தன.

கூப்பிட்டதற்காக வரவில்லை இவள். தப்பி ஓடி வந்திருக்கிறாள்.

"சிரிக்கிறாதானே?" மனைவி அவன் தோளைப் பிடித்து உலுக்கினாள். மகளைத் தவிர அவள் வேறெதையும் பார்க்கவில்லை. அவள் முகத்தில் ரத்தம் ஊறியிருந்தது, மனைவியின் பழைய முகம். "சொல்லுங்க. நல்லா இருக்காளா?"

அவன் மனைவி முகத்தையே பார்த்தான்.

"சிரிக்கிறா," என்றான். "நல்லா இருக்காம்மா."

முதுகுப்பக்கம் கதவு மெல்லச் சுவரில் இடித்தது. தரையில் ஓர் அடி. கனமான அடி. சின்னக் கால் இல்லை.

மகள் சுவரோடு ஒட்டினாள். இரண்டு கைகளையும் அவனை நோக்கித் தூக்கினாள். தூக்கிக்கொள், அப்பா. அவன் கையை நீட்டப் பார்த்தான். கை வரவில்லை.

இன்னோர் அடி. அவன் பிடரியில் ஈரமான மூச்சு.

மனைவி கைகொட்டினாள். "பாருங்க, பாருங்க! இன்னும் நல்லா சிரிக்கிறா!"

மகளின் உதடு ஈறுக்கும் மேலே ஏறிக்கொண்டே போனது.