முனை வளையம்

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு சிதம்பரத்தில் கடலூர் பஸ் ஏறினேன். ‘தானே’ புயல் அடித்து ஓய்ந்த புதிது. வழி நெடுக, விழுந்த மரங்களை அறுத்துச் சாலையோரம் தள்ளியிருந்தார்கள். மின்கம்பங்கள் முட்டி போட்டதுபோல் மடிந்து கிடந்தன. செம்மங்குப்பம் வந்ததும் பழக்கத்தில் கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டேன். அன்று எந்த வாசனையும் இல்லை. அங்கிருக்கும் ரசாயனத் தொழிற்பேட்டையிலும் கரண்ட் இல்லை போலிருக்கிறது. கைக்குட்டையை எடுக்கவும் தோன்றாமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன். புயலுக்குப் பிறகு எல்லோருமே கொஞ்ச நாள் அப்படித்தான் இருந்தோம். எதுவும் மனதில் இறங்காது.

சிதம்பரத்தில் ஒரு மோட்டார் வைண்டிங் கடையில் வேலை செய்கிறேன். எரிந்துபோன மோட்டாரைப் பிரித்து, பழைய செம்புக் கம்பியை வெட்டி எடுத்து, புதுக்கம்பி சுற்றிக் கட்டி, வார்னிஷ் அடித்துக் காயவைப்பேன். மாலையில் ஆங்கில வகுப்பு. பாடம் எடுப்பது ஜெனிஃபர் மிஸ். கரண்ட் இல்லாததால் வகுப்பு நடக்கவில்லை. முந்தின நாள் அவரே கடை தேடி வந்துவிட்டார்.

“எழிலன், ஒரு தூண்டில் கோலுக்கு நூல் சுத்தணும். ரொம்பப் பழசு. கம்பி சுத்தற கை நூலும் சுத்தும்ல?”

“கொண்டாங்க மிஸ், பாக்கறேன்.”

“அது வீட்ட விட்டு வெளிய வராது. எங்க அம்மா விட மாட்டாங்க. நீங்கதான் முதுநகர் வரணும்.”

கடைக்கு உள்ளேயிருந்து முதலாளி சடையப்பன் மாமா குரல் கொடுத்தார். “தூண்டிலு எத்தன எச்.பி. மிஸ்?”

மிஸ் சிரிக்கவில்லை. மாமாவுக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. “போய்ட்டு வாடா. கரண்டு வர்ற வரிக்கும் இங்க ஈ ஓட்டத்தான போற” என்றார்.

வீடு கடலூர் முதுநகரில், உப்பனாற்றை ஒட்டிய சந்தின் கடைசி. பழைய சுண்ணாம்புச் சுவர். பாதிக் கூரையில் ஓடு பறந்துபோய்த் தார்ப்பாய் கட்டியிருந்தது. காற்று வரும்போதெல்லாம் அது உப்பி எழுந்து, மெதுவாகத் தாழ்ந்தது. கூடத்தில் ஈர மண் வாசனை. அதற்குள்ளே மெல்லியதாக இன்னொன்று, சேற்றில் கால் வைத்தால் எழும்புமே, அந்த வாசனை.

மிஸ்ஸின் அம்மா வியாகுலமேரி என்னைப் பார்த்ததும், “வா தம்பி, சாப்ட்டியா?” என்றார். பதிலுக்குக் காத்திராமல் கூடத்துக் கட்டிலைக் காட்டினார்.

கட்டிலில் கோல் கிடந்தது. அதன் தலைமாட்டில் ஒரு தலையணை இருந்தது.

மூங்கிலைப் பட்டைகளாகப் பிளந்து, ஆறு பட்டைகளைச் சேர்த்து ஒட்டி இழைத்த கோல். வெள்ளைக்காரன் காலத்துச் சரக்கு. நடுவில் பித்தளைப் பூண் போட்டு இரண்டு துண்டாகக் கழற்றலாம். நெடுகிலும் சின்னச் சின்னக் கம்பி வளையங்கள். கைப்பிடியிலிருக்கும் ரீலிலிருந்து நைலான் நரம்பு அந்த வளையங்கள் வழியாக ஓடி, நுனியிலிருக்கும் முனை வளையத்தின் வழியாக வெளியே போகும். ஒவ்வொரு வளையத்தையும் கோலோடு பிடித்து நிறுத்துவது நூல்கட்டு மட்டும்தான். புயலில் ஓடு விழுந்து கட்டெல்லாம் அறுந்திருந்தது. முனை வளையம் தனியே கழன்று தலையணைமேல் இருந்தது.

“எங்க மாமனார் ஹார்பர்ல வேல பாத்தாரு. கப்பல்காரன் ஒருத்தன் குடுத்துட்டுப் போனது” என்றார் அம்மா. “அப்புறம் எம் மவன் ஆன்டோ வச்சிருந்தான். மூணு வருஷத்துக்கு மின்ன முகத்துவாரத்துல கல்லு மேல ஒக்காந்து போட்டுக்கிட்டு இருந்திருக்கான். நான் போயி பாக்கறேன், கோலு கல்லு இடுக்குல நிக்குது. ஆளக் காணோம். கெடைக்கவே இல்ல. நரம்பு தண்ணிக்குள்ள போயிருந்துச்சு. நான்தான் எடுத்தேன்.”

குரலில் ஏற்ற இறக்கமே இல்லை. கடைக்குப் போய் வந்ததைச் சொல்வதுபோலச் சொன்னார்.

“எடுக்கும்போது இழுத்துச்சு தம்பி.”

“மீன் இழுத்துச்சாம்மா?”

“மீனா இருந்தா அங்க இங்க ஓடும். இது ஓடல. ரெண்டு தடவ, மெதுவா. சின்னப் புள்ளைல கோயில் கூட்டத்துல எஞ்சீலயப் புடிச்சி இழுப்பான் பாரு, அப்பிடி.”

“அம்மா, போதும்” என்றார் மிஸ்.

“அவரு கட்டப் போறாருல்ல, தெரிஞ்சிக்கட்டும்.” அம்மா என் பக்கம் திரும்பினார். “தெனம் பொழுது சாய பின்னால ஆத்துல போடுவேன். தெனம் இழுப்பான். புயலு வந்து ஒடச்சிடுச்சு. நீ கட்டிக் குடு. போட்டுப் பாக்கறேன். இழுக்கலன்னா இவகூட சிதம்பரம் போயி இருந்துக்கறேன். இழுத்தான்னா எவ கூப்ட்டாலும் வர மாட்டேன்.”

மிஸ் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

நான் வேலையை ஆரம்பித்தேன். எனக்கு ஒரு வேலையை வரிசையாகச் செய்தால்தான் நிம்மதி. பழைய நூலைப் பிளேடால் கீறி எடுத்தேன். உரிந்த வார்னிஷைத் தேய்த்து வழித்தேன். நூல் விறைப்பாக வர வேண்டும் என்பதற்காக, கனமான புத்தகம் ஒன்று கேட்டேன். புத்தகத்துக்குள் நூலை விட்டு மூடி, மறுபக்கம் வழியாக இழுத்தபடி கோலை உருட்டினால் கட்டு ஒரே சீராக விழும். அம்மா ஆன்டோவின் பாலிடெக்னிக் புத்தகத்தைக் கொடுத்தார்.

பட்டு நூல் புத்தகத்துக்குள் உலர்ந்தபடி நுழைந்தது.

வெளியே ஈரமாக வந்தது.

புத்தகத்தைத் திறந்து பார்த்தேன். தாள்கள் மொடமொடவென்று காய்ந்திருந்தன. என் கைதான் வியர்த்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். கையை வேட்டித்துணி ஒன்றில் துடைத்துவிட்டு மறுபடி இழுத்தேன். மறுபடியும் ஈரம். அதன்பிறகு துடைக்கவில்லை.

முனை வளையம் ஒன்றுதான் பாக்கி என்ற நேரத்தில், மிஸ் கிணற்றடிக்கு வரச் சொல்லி ஜாடை காட்டினார்.

“எழிலன், அந்த முனை வளையத்த மட்டும் தளர்வா கட்டுங்க.”

“மிஸ்?”

“வீசும்போதே கழண்டு போவட்டும். கோலு அவ்ளோதான்னு அவுங்களே விட்டுடுவாங்க. இந்த வீட்டப் பாருங்க. இன்னொரு மழை வந்தா செவுரு நிக்காது. தெனம் இருட்டுல ஆத்துல முட்டியளவு தண்ணில எறங்கி நிக்கறாங்க. என்னிக்காவது அவுங்களையும்…” கிணற்றுத் திட்டைப் பிடித்துக்கொண்டார். “எனக்கு இருக்கறது அவுங்க ஒருத்தர்தான்.”

தலையை மட்டும் ஆட்டினேன். எனக்கு யார் முன்னாலும் அவ்வளவுதான் வரும்.

முனை வளையத்தைத் தளர்வாகக் கட்டினேன். கட்டைவிரலால் தள்ளினால் ஆடியது. மேலே மட்டும் மெல்லியதாக வார்னிஷ் பூசி, கோலைக் கூடத்தில் ஆணியில் தொங்கவிட்டு, கடைசி பஸ்ஸுக்கு முன்னாலேயே ஊர் திரும்பினேன். பஸ்ஸில் விரல்நுனிகள் மரத்துப்போயிருந்தன. வார்னிஷ் பட்டால் அப்படி ஆகும்.

வார்னிஷ் காய்ந்ததும் மறுபடி முதுநகர் போனேன். கோலை ஆணியிலிருந்து எடுத்து, கட்டுகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தேன். எல்லாம் சரி.

முனை வளையம் ஆடவில்லை.

இரண்டு கைகளாலும் திருகினேன். அசையவில்லை. நூல் இழைக்கு இழை நெருங்கி விழுந்திருந்தது. நான் எப்போதும் இடமிருந்து வலமாகச் சுற்றுவேன். இது வலமிருந்து இடமாகச் சுற்றியிருந்தது. கட்டின் ஓரத்தில் உப்பு பூத்து வெள்ளைக் கோடாக நின்றது.

கட்டிலுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து கட்டியிருப்பேனோ? தளர்வாகக் கட்டியதாக நினைத்துக்கொண்டு பழக்கத்தில் இறுக்கிவிட்டேனோ? என் கையை எனக்கே சரியாகத் தெரியவில்லை.

மிஸ் பக்கத்தில் வந்து வளையத்தைத் தொட்டுப் பார்த்தார். “கேட்டத செய்யல இல்ல நீங்க?”

“செஞ்சேன் மிஸ்.”

அவர் நம்பவில்லை. நானாக இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன்.

பொழுது சாய்ந்தது. ஊரில் எங்கும் விளக்கு இல்லாததால் ஆறு இருந்த இடம் மட்டும் கொஞ்சம் வெளிறித் தெரிந்தது. அம்மா முழங்கால் அளவு தண்ணீரில் இறங்கி வீசினார். நரம்பு வளையங்கள் வழியாகச் சீறிக்கொண்டு போயிற்று. கொக்கியில் இரை எதுவும் இல்லை. வெறும் ஈயக்குண்டு.

காத்திருந்தோம்.

ஆற்றில் ஒரு சத்தமும் இல்லை. தவளைகூட இல்லை. சேற்று வாசனை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது.

ஒன்றும் நடக்கவில்லை. நெடுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. அம்மாவின் தோள்கள் மெல்ல இறங்கின.

“சரிடி” என்றார் கடைசியில். “போலாம். மாதா படத்த மட்டும் மறக்காம எடுத்துக்க.”

மிஸ் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். நிம்மதியில்தான் அழுதார் என்று நினைக்கிறேன். அம்மாவைக் கரையேற்றக் கையை நீட்டினார். அம்மா கோலை அவரிடம் கொடுத்துவிட்டு, புடவையைப் பிழியக் குனிந்தார்.

கோலின் நுனி வளைந்தது.

நிமிர்ந்தது.

இன்னொரு முறை, மெதுவாக வளைந்தது.

மிஸ்ஸின் முகம் இருட்டில் சரியாகத் தெரியவில்லை. மூச்சு மட்டும் கேட்டது.

“அம்மா…” என்று கிசுகிசுத்தார். “இது மீனுதானே?”

“ஓடுதா?”

“ஓடல.”

“அப்ப நீயே சொல்லு.”

மிஸ் இரண்டு கைகளாலும் கோலைப் பற்றிக்கொண்டு நின்றார். சிறிது நேரத்தில் நரம்பு தொய்ந்தது. போய்விட்டது, அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

“விட்டுடுச்சும்மா” என்றேன்.

“விடல தம்பி. அவன் அந்தப் பக்கமா போனாதான் நரம்பு வெறைக்கும். நம்ம பக்கமா வந்தா தளரும்.” அம்மா மகளின் காதருகே சொன்னார். “சுத்துடி. தளந்த மட்டும் சுத்திக்க. அவசரப்படாத. இவ்ளோ நாளு தூரமாவே இருந்தான். இன்னிக்கிதான் திரும்பியிருக்கான்.”

ரீல் கிர்ர், கிர்ர் என்று சுற்றும் சத்தம் சந்து முனை வரை எனக்குக் கேட்டது. நான் சொல்லிக்கொள்ளாமலேயே வந்துவிட்டேன்.

கரண்ட் வந்தது. கடையில் நனைந்த மோட்டார்கள் மலைபோல் குவிந்தன. மாலை வகுப்பும் தொடங்கியது. பாடம் எடுக்க வேறொருவர் வந்தார். ஜெனிஃபர் மிஸ் வேலையை விட்டுவிட்டதாகச் சொன்னார்கள். ஏன் என்று யாரிடமும் நான் கேட்கவில்லை.

மாசி மாதம் ஒரு நாள் கடைக்குப் போன் வந்தது. மிஸ்தான். குரலைத் தாழ்த்திப் பேசினார்.

“முனை வளையத்துக் கட்டு இத்துப் போச்சு எழிலன். ஓவரா சுத்துறோம்ல. கொஞ்சம் வந்து கட்டிக் குடுத்துட்டுப் போங்க. நரம்பு மட்டும் இப்ப அறுந்துடக் கூடாது.”

ஞாயிற்றுக்கிழமை மதியம் போனேன். கூரைக்குப் புது ஓடு போட்டிருந்தார்கள். அடுப்படியில் அம்மா மீன் அலசிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் உதட்டில் விரல் வைத்துச் சிரித்தார். அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

ஆற்றுப் பக்கக் கதவை மூடி, குறுக்கே கட்டை அடித்திருந்தார்கள்.

மிஸ் கூடத்தில் நாற்காலியில் கோலைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். அந்தக் கதவுக்கு முதுகு காட்டியிருந்தார். நரம்பு எங்கே போகிறது என்று முதலில் எனக்குப் புரியவில்லை. வளையம் வளையமாகப் பார்த்துக்கொண்டே போனேன். முனை வளையத்திலிருந்து இறங்கி, தரையைத் தொடாமல் கூடத்தைக் கடந்து, உள்ளறைக் கதவின் அடியில் நுழைந்திருந்தது. கதவு சாத்தியிருந்தது. அதனடியிலிருந்து தண்ணீர் கசிந்து சிமெண்டுத் தரையில் காய்ந்து, ஓரமெல்லாம் உப்பு பூத்திருந்தது.

நரம்பு விறைப்பாக இருந்தது.

“சத்தம் போடாம கட்டுங்க” என்றார் மிஸ். “இப்பதான் அசையாம இருக்கான்.”

நான் தரையில் உட்கார்ந்தேன். பையைத் திறந்தேன். நூல், மெழுகு, பிளேடு. முனை வளையத்தை இடது கையால் பிடித்தேன். நரம்பு என் சுண்டுவிரலை ஒட்டி ஓடியது. வலது கையில் பிளேடு இருந்தது. ஒரு கீறு கீறினால் போதும். அப்போது அதைத்தான் நினைத்தேன். கிணற்றடியில் மிஸ் என்னிடம் கேட்டதும் அதற்காகத்தானே. தலையைத் தூக்கி அவரைப் பார்த்தேன்.

அவர் பிளேடைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“எழிலன்” என்றார், கெஞ்சுவது போல. “எங்களுக்கு அவன் ஒருத்தன்தான்.”

பழைய நூலை மட்டும் கீறி எடுத்தேன். புது நூலை மெழுகில் இழுத்து, இடமிருந்து வலமாக, இழைக்கு இழை நெருக்கிச் சுற்றினேன். வேலை நன்றாகவே வந்தது. எனக்குப் பயமாக இருந்ததா என்று இப்போது யோசித்தாலும் தெரியவில்லை. விரல்களில் உணர்ச்சி இல்லை. நூலின் கடைசி முனையை உள்ளே இழுத்து, மிச்சத்தை வெட்டினேன்.

“முடிஞ்சிது மிஸ்.”

அடுப்படியில் அம்மா பாத்திரத்தைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு எதுவும் கேட்கவில்லை.

என் சுண்டுவிரலை ஒட்டியிருந்த நரம்பு மெல்லத் தளர்ந்து, தரையில் படிந்தது.

மிஸ் ரீலைச் சுற்றத் தொடங்கினார்.