தள்ளுபடிச் சண்டை

சுரங்கக் கப்பல்கள் திரும்பும் பருவம் வந்துவிட்டால், நிலவின் நான்காம் அடுக்குக் குடியிருப்பில் வீட்டுக்கு வீடு சண்டைச் சத்தம் கேட்கும். யாரும் போய் விலக்கிவிட மாட்டார்கள். “ரூம் போடுறாங்க போல” என்று சொல்லிவிட்டுத் தங்கள் வேலையைப் பார்ப்பார்கள்.

காரணம் இதுதான். எல்லோருடைய காதுக்குப் பின்னாலும் பதித்திருந்த ஏக்கமானி, ஒருவர் ஒன்றை எவ்வளவு விரும்புகிறார் என்பதை நூற்றுக்குள் ஓர் எண்ணாகச் சொல்லும். விடுதிப் பதிவுத் தளங்கள் அந்த எண்ணைப் படித்துத்தான் விலை வைத்தன. தவித்துத் தேடுபவருக்கு ஒரு விலை; சும்மா எட்டிப் பார்ப்பவருக்கு ஒரு விலை. ஏக்கமானியிடம் நடிப்பு செல்லாது. எனவே கணவனும் மனைவியும் உண்மையாகவே சண்டை போட்டு, மனம் கசந்திருக்கும்போதே மலிவாக அறையை எடுத்துவிட்டு, பிறகு சமாதானமாகிக் கொள்வது வழக்கமாகிவிட்டது.

இசைவாணிக்கு அது கைவரவில்லை.

அவள் கணவன் மகிழ்நன் குறுங்கோள்களில் பனி வெட்டப் போய் மூன்று வருடங்கள் ஆகின்றன. அவனுடைய கப்பல் இடைவழி நிலையத்தில் பதினெட்டு மணி நேரம் நிற்கும். பிறகு இன்னும் ஐந்து வருடங்களுக்குத் திரும்பாது. நிலையத்தில் காற்று அளவோடுதான் இருந்தது. கப்பலிலிருந்தும் இறங்கு அனுமதி கிடைத்த சிலர்தான் உள்ளே வரலாம். அறை பதிவு செய்தவர்களைத் தவிர வேறு யாரையும் உள்ளே விடமாட்டார்கள். பகல் ஒரு மணிக்குப் பதிவு முடிகிறது. காலையிலிருந்து ஐந்து தளங்களை மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டாள். எங்கும் ஆறு மாதச் சம்பளம். அவள் சேமிப்போ நான்கு மாதச் சம்பளத்தோடு சரி.

திரையின் மூலையில் இரண்டு எண்கள் ஒளிர்ந்தன. அவளுடையது தொண்ணூற்று நான்கு. அவனுடையது தொண்ணூற்று ஏழு. பதிவில் பெயர் சேர்த்த இருவருக்கும் இரண்டு எண்களும் தெரியும்; இரண்டையும் சேர்த்துத்தான் விலை.

எதிர்வீட்டு வேதநாயகி எட்டிப் பார்த்தாள். “இன்னுமா ஆறுல நிக்குது? என்னடி பண்ற?”

“கோபமே வரமாட்டேங்குதுக்கா. அவர் முகம் ஞாபகம் வருது, உடனே ஏறிடுது.”

“முகத்தை ஏன் நினைக்கிற? மாமியாரை நினை! நேத்து எங்க வீட்டுக்காரர்கிட்ட அவர் தங்கச்சி கல்யாணக் கதையை எடுத்தேன். பத்தே நிமிஷத்துல பாதி விலை.” சிரித்துக்கொண்டே போய்விட்டாள்.

மகிழ்நனின் குரல் வந்து சேர்ந்தது. அவன் பேசுவது இங்கே வர நான்கு நிமிடம் பிடிக்கும். “வாணி, நானும் முயற்சி பண்ணினேன். நம்ம கல்யாணமான புதுசுல நீ வச்ச புளிக்குழம்பு உப்பா கரிச்சதே, அதை நினைச்சுப் பார்த்தேன். பசிதான் வந்துச்சு.”

அவளுடைய எண் தொண்ணூற்று ஆறானது. விலை துள்ளியது.

“ஐயோ, ஆசையா பேசாதீங்க, ஏறுது!” என்று கெஞ்சினாள். மணி பன்னிரண்டு நாற்பது.

அதன்பிறகுதான், இத்தனை நாளும் தொடாமல் வைத்திருந்த ஒன்றைத் தொட்டாள். ஒரு வருட ஒப்பந்தம் என்று சொல்லிவிட்டு, அவளைக் கேட்காமல் மூன்று வருடத்துக்குக் கையெழுத்துப் போட்டுப் போனவன் அவன். அவன் போன பத்தாவது வாரம் அவள் வயிற்றில் இருந்தது கலைந்தது. அதைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசியதில்லை.

“அன்னைக்கு ஆஸ்பத்திரி பாரத்துல கையெழுத்துப் போட ஆளில்லாம நானே போட்டேன்,” என்று ஆரம்பித்தாள். ‘நீங்க’ எப்போது ‘நீ’ ஆயிற்று என்று அவளுக்கே தெரியவில்லை. “நீ இல்லாமயே பழகிட்டேன். நீ இல்லாத வீட்டுலதான் எனக்கு நிம்மதி. நீ இறங்கி வராட்டிக்கூட எனக்கு ஒண்ணும் ஆகாது.”

எண் சரிந்தது. முப்பத்தொன்று. விலை நான்கு மாதம்!

விரல் பொத்தான்வரை போயிற்று. கையில் இருந்த பணம் சரியாகக் கட்டும். அந்த நேரம் பார்த்துத் திரையில் ஒரு வரி ஓடியது: ‘விலை இறங்குமுகம். காத்திருந்தால் மேலும் குறையலாம்.’

அவனுடைய எண் இன்னும் தொண்ணூற்று ஏழில்தான் இருந்தது. அவள் சொன்னது அவனைப் போய்ச் சேர நான்கு நிமிடம். அவன் எண் இறங்கியது இங்கே தெரிய இன்னொரு நான்கு. எட்டு நிமிடம்தானே? “சும்மா சொன்னேங்க, மனசுல வச்சுக்காதீங்க, வந்துடுங்க” என்று ஒரு செய்தியைப் பதிந்து, அனுப்பாமல் கையில் வைத்துக்கொண்டாள். இப்போதே அனுப்பினால் விலை ஏறிவிடும். அறை கிடைத்த மறுவிநாடி அனுப்பிக்கொள்ளலாம்.

தொண்ணூற்று ஏழு. தொண்ணூற்று ஏழு. அறுபது. இருபத்திரண்டு. நான்கு.

விலை ஒன்றரை மாதம். ரத்து செய்தால் பணம் திரும்பாது என்பதற்கு ஒப்புக்கொண்டால் இன்னும் கொஞ்சம் குறையும் என்றது தளம். ஒப்புக்கொண்டு அழுத்தினாள். பச்சை விளக்கு எரிந்தது. கையில் வைத்திருந்த செய்தியை அனுப்பிவிட்டு, அழுகையும் சிரிப்புமாகச் சுவரில் சாய்ந்தாள்.

ஒரு நிமிடத்தில் அவன் குரல் வந்தது. அவள் அனுப்பியதற்குப் பதில் அல்ல. அது இன்னும் பாதி வழிகூடப் போயிருக்காது.

“நீ விலைக்காகத் திட்டுறேன்னு நினைச்சுதான் கேட்டுட்டிருந்தேன், வாணி. ஆனா உன் நம்பர் எனக்கும் தெரியுதே. தொண்ணூத்தாறு முப்பத்தொண்ணா இறங்குச்சு. பொய் சொல்லியிருந்தா அது இறங்காது. என் இறங்கு அனுமதியை கூட வேலை பாக்குற இளங்கோவுக்கு எழுதிக் கொடுத்துட்டேன். அவன் குழந்தையை இன்னும் பார்த்ததே இல்லை. இனி மாத்த முடியாது. நீ நிம்மதியா இரும்மா.”

அவள் சொன்ன ‘வந்துடுங்க’ அப்போதும் இருட்டில் அவனை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

வேதநாயகி மறுபடியும் வந்து நின்றாள். “முடிச்சிட்டியா? எவ்வளவுக்கு?”

இசைவாணி முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “ஒன்றரை மாசம்.”

“ஒன்றரையா! அடிப்பாவி, இந்த அடுக்குல யாருமே அந்த விலைக்கு எடுத்ததில்லையே! எந்தத் தளம்?”

இசைவாணி தளத்தின் பெயரைச் சொன்னாள். வேதநாயகிக்குச் சரியாகக் கேட்கவில்லை. இன்னொரு தடவை சொன்னாள்.

“ஆறுல இருந்து இறக்கினேன்க்கா,” என்றாள்.