பெட்டிக்குள் கேட்ட பதில்

"நான் கத்தினது எனக்கு நல்லாக் கேட்டுதே, உனக்கு மட்டும் ஏன்மா கேட்கல?"

குளியலறைத் தாழ்ப்பாள் சிக்கிக்கொண்டு, கதவை உடைத்து வெளியே தூக்கிய அன்று மகள் கேட்ட கேள்வி. அவளுடைய அம்மாவான இன்ஸ்பெக்டர் அவளை அணைத்துக்கொண்டார்.

புதன்கிழமை, பிற்பகல் 3.20. இருதயப் பிரிவின் ஐந்தாம் அறையில் ஒரு தச்சர் இறந்து கிடந்தார். முதலில் பார்த்தவள் மனைவி. கட்டிலருகே இதயத்துடிப்பைக் கண்காணிக்கும் கருவி கத்திக்கொண்டிருந்தது. கனத்த கதவு சத்தத்தை வெளியே விடவில்லை. செவிலியர் மேசைத் திரையிலும் அதே அபாய மணி அடித்திருக்க வேண்டும். மனைவி நேரே போய்ச் செவிலியரைக் கன்னத்தில் அறைந்தாள்.

மணியைத் திரைக்கு அனுப்பியதாகக் கணினிப் பதிவு சொன்னது. செவிலியர் தூங்கிவிட்டார் என்றே இன்ஸ்பெக்டரும் முதல் அறிக்கையில் எழுதினார். செவிலியருக்கு வேலை போகும், சிறையும் காத்திருந்தது.

மறுநாள் காலை விசாரணை.

"தூங்கல மேடம். திரை சத்தமே போடல."

"ஒரு தடவை கூடவா?"

"எட்டு ரூம் மேடம். யாராவது ஒயரை இழுத்துக்கிட்டுப் புரண்டாலே கத்தும். நேத்து மத்தியானம் ஒண்ணுமே இல்ல. எல்லாரும் நிம்மதியாத் தூங்கறாங்க, பாவம்னு நெனச்சேன்."

இன்ஸ்பெக்டர் பேனாவை மூடினார். கணினி அறைக்குப் போனார்.

கணினிப் பிரிவுத் தலைவர் சிரித்தார். "இது லாக்கப் பூட்டு இல்ல மேடம். கொஞ்சம் படிச்சாத்தான் புரியும்."

"படிக்காதவளுக்குச் சொல்ற மாதிரியே சொல்லுங்க."

"ஒரே பெட்டி. உள்ள பல கணினி இருக்கிற மாதிரி நடக்கும். அதுங்களை இணைக்கிற சுவிட்சும் மென்பொருள்தான். திரைக்குப் போற வழிக்கு நேத்து மத்தியானம் புது சுவிட்ச் போட்டேன். அதுல ஒரு போர்ட் குரூப், அதாவது கணினிகளைச் சேர்த்து மாட்டுற இடம். மணி அனுப்புற கணினியையும் பதிவுக் கணினியையும் அதுக்கு மாத்தினேன். எல்லாம் கட்டளை அடிச்சுத்தான். பாஸ்வேர்டு எங்கிட்ட மட்டும்தான்."

"சரியா வேலை செஞ்சுதா?"

"பதிவுக் கணினியிலேருந்து மணிக் கணினியைக் கூப்பிட்டுப் பார்த்தேன். டாண்ணு பதில் வந்துச்சு."

"ரெண்டும் எங்க இருக்கு?"

"இதுலதான்." பெட்டியைச் செல்லமாகத் தட்டினார்.

நோயாளிகளைப் பார்த்துக்கொள்ள இன்ஸ்பெக்டர் எட்டு அறைகளிலும் ஆள் நிறுத்தச் சொன்னார். பிறகு, புது சுவிட்சிலிருந்து வெளியே போகும் கேபிளைக் காட்டச் சொல்லி, அவரே பிடுங்கினார்.

"இப்பக் கூப்பிடுங்க."

தலைவரின் விரல்கள் விசைப்பலகைமேல் தயங்கின. தட்டினார். டாண்ணு பதில் வந்தது.

"கேபிள் என் கையில இருக்கு. இவங்க ரெண்டு பேரும் இன்னும் பேசிக்கிறாங்க. வெளியே எதுவும் போகல. நேத்தும் இதேதான். புது சுவிட்சுக்கு வெளி வழியே கொடுக்கல நீங்க. மணி கிளம்புச்சு, பதிவாச்சு, பெட்டிக்குள்ளேயே செத்துப்போச்சு."

"நீங்க பிடுங்குறவரைக்கும் மணி திரைக்கு நல்லாப் போச்சே மேடம்?"

"ஆமா. சாவுச் சேதி வந்தப்புறம் யாரோ வழியைச் சேர்த்திருக்காங்க. பாஸ்வேர்டு யார்கிட்ட இருக்குன்னு நீங்களே சொல்லிட்டீங்க."

அவர் நாற்காலியில் சரிந்தார். "ஒரே ஒரு வரி... அடிக்க மறந்துட்டேன்."

"மறக்காத மனுஷன் கிடையாது சார். ஆனா அந்த வழியைச் சேர்க்கும்போது, தப்பு யாரோடதுன்னு உங்களுக்குத் தெரியும். அந்த நர்ஸ் பொண்ணு அடி வாங்கினதும் தெரியும்."

இன்ஸ்பெக்டர் கேபிளைத் திரும்பச் செருகினார்.

உணவு இடைவேளை. இருதயப் பிரிவின் கண்ணாடிக் கதவில் செவிலியரின் படத்தோடு இடைநீக்க அறிவிப்பு ஒட்டியிருந்தது. கீழே, 'காவல்துறை அறிக்கையின்படி' என்று எழுதியிருந்தது. தாழ்வாரத்தில் யாரும் இல்லை. இன்ஸ்பெக்டர் நகத்தால் தாளை உரித்தார். பசை விடவில்லை. கைக்குட்டையை நனைத்துவந்து மண்டியிட்டு, கண்ணாடி தெளியும்வரை துடைத்தார்.